பாறைக்கு அடையாளம் சொன்னேன்

12.8.2016, வெள்ளி

காற்றாலைக் கரண்டைக் கடலுக்கடியில் நகரத்துக்குக் கொண்டுபோகும் கேபிளுக்காக அளக்க வந்த சார், போன வாரம் பள்ளிக்கூடத்தில் பேசினார். "பாறை எங்கேன்னு தெரிஞ்சா அதைவிட்டு விலக்கிக் கேபிளைப் போடுவோம்" என்றார். அப்பா மீன் பிடிக்கும் பாறை தப்பிக்கட்டும் என்று நான் எழுந்து, அப்பாவும் சித்தப்பாவும் பேசும்போது காதில் விழுந்த கணியத்தை, அதாவது கரையைப் பார்த்துக் கடலில் இடம் குறிக்கும் கணக்கைச் சொன்னேன்: கோயில் குருசும் மலை உச்சியும் ஒரே நேராகத் தெரியும் இடம், இருபது பாகம் ஆழம்.

இன்று அங்கே சிவப்பு மிதவை கிடக்கிறது. கேபிள் பாறையை ஒட்டியே போகிறதாம்; இனி அங்கே வலையும் நங்கூரமும் போடக்கூடாதாம்.

"ஏலே, அந்தக் கணியம் நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும்? காட்டிக்கொடுத்திட்டியே!" என்று அப்பா சித்தப்பாவை அடிக்கப் போனார்.

"மாதா மேல ஆணை, நான் சொல்லல்லண்ணே."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மக்கா, நீ தின்னுட்டுப் படு" என்றார் அப்பா. அவர் சாப்பிடவில்லை.

சொல்லிவிட இரண்டு முறை எழுந்து, திரும்பப் படுத்துக்கொண்டேன். விடிந்தால் சித்தப்பா இல்லாமல் அவர் தனியாக வள்ளம் தள்ளுவார். இரண்டு பேர் தள்ளும் வள்ளம் அது.