யாரும் போகாத கூட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதலாம்தான், ஆனால் அது உங்கள் துறை அறிக்கை மாதிரி ஆகிவிடும், அதனால் உள்ளதை எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தடவச் சொன்னால் வாடை பிடிக்கவில்லை என்கிறார், தடவாமல் இருந்துவிட்டு வலிக்கிறது என்று என்னை முறைக்கிறார், அந்த முழங்காலை நானா செய்து கொடுத்தேன். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. இதெல்லாம் இருக்கட்டும், உன் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம் என்றால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய், நான் பாதியை விழுங்கிவிடுவேன், கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்.

சுகாதாரத்துக்கும் சமூக நலத்துக்கும் அரசாங்கம் போடுகிற பட்ஜெட் முன்மொழிவை அலசி, எதை வெட்டலாம் எதை விடலாம் என்று சட்டசபைக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை என் மகளுக்கு என்று இந்தத் தெரு முழுக்கப் பெருமையடித்தவள் நான். அந்த வெட்டுப் பட்டியலில் இந்த வருஷம் முதல் வரியிலேயே உன் தம்பி மாதிரி மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் போகிற பகல் பராமரிப்பு மையம் இருக்கிறது என்று அப்பா பேப்பரில் படித்துக் காட்டியபோது எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உடனே உனக்குப் போன் போட்டேன், நீ சிரித்தாய். எதை வெட்டினால் ஜனங்கள் அதிகம் அழுவார்களோ அதைத்தான் முதலில் வைப்பது எங்கள் பிரிவின் வழக்கம், அழுகையைப் பார்த்து உறுப்பினர்கள் பயந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், வருஷா வருஷம் நடக்கிற நாடகம்தான் என்று விளக்கம் வேறு சொன்னாய். "கவலைப்படாதேம்மா, வந்துடும்" என்றாய்.

என் வாய் சும்மா இருக்குமா. மறுநாள் காலை மையத்து வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட வந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன். உள்ளே இருப்பவளே சொல்கிறாள், யாரும் அலைய வேண்டாம், திரும்ப வந்துவிடும் என்றேன். உங்கள் குழு நடத்துகிற கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போக கம்பெனியில் லீவு எழுதிக் கொடுத்திருந்த ஒரு பிள்ளையின் அப்பா, தையல்காரர், லீவை ரத்து பண்ணினார். மையத்தை மூடாதே என்று அட்டையில் எழுதி வைத்திருந்த மையத்து டீச்சர் அதைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள். அந்தக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கை கூடப் போகவில்லை. குழுத் தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, யாரும் வரவில்லையே, அப்படியானால் இது யாருக்கும் அவசியமில்லை போலிருக்கிறது என்று சொல்லி அடுத்ததுக்குப் போய்விட்டாராம். அழுகையை நம்பித் திட்டம் போட்டவர்கள் நீங்கள், அழ வேண்டாம் என்று சொன்னவளும் நீயே. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அம்மா தூங்கட்டும் என்றுதான் சொன்னாய், அதுவும் தெரியும், ஆனாலும் கோபம் தீரவில்லை.

போன வாரம் ஒரு நாள் ஏதோ கணக்கெடுப்பு என்று மையத்தை மூடியிருந்தார்கள். உன் தம்பியிடம் முந்தின நாளே சொன்னேன், தலையை ஆட்டினான். காலையில் பார்த்தால் குளித்து, தானே ஷூ மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கு லீவுடா என்று அப்பா சொன்னார், நான் சொன்னேன், வேன் டிரைவரே போனில் சொன்னார். எல்லோருக்கும் ஒரே பதில்தான், "வண்டி வந்துடும்." மத்தியானம் தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒரு கையால் சாப்பிட்டான், இன்னொரு கை பையை விடவில்லை. தெருவிளக்கு போட்ட பிறகுதான் ஷூவைக் கழற்ற விட்டான். அந்த மையத்துக்குப் போன பிறகுதானே அவன் மாடிப்படி ஏறக் கற்றுக்கொண்டான், ஆஸ்பத்திரித் துண்டுகளை மடித்து அடுக்கி அதற்குச் சம்பளம் வாங்கி எனக்குச் சீப்பு வாங்கி வந்தான். மூடிவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது அந்த ஸ்டூல்தான். எங்களுக்கும் வயசாகிறது, அதை நான் உனக்கு எழுதித் தெரிய வேண்டியதில்லை.

கடைசி ஓட்டெடுப்புக்கு முன்னால் குழு இன்னொரு முறை பொதுஜனங்களைக் கேட்கிறதாம், வருகிற வியாழக்கிழமை. அதில் பேசுவதற்குப் பேர் பதிவு பண்ணுவதற்குள் என் பிராணன் போய்விட்டது. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்கிறது அந்தப் போன், நடுவில் ஒரு பாட்டு, அந்தப் பாட்டைப் போட்டவன் கையில் கிடைத்தால் நல்லா நாலு கேட்பேன். ஆளுக்கு இரண்டு நிமிஷம்தான் பேச்சு. உன் அப்பா தும்மி முடிக்கவே அது போதாது. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தார், 'மாண்புமிகு' என்று ஆரம்பிக்க வேண்டுமா வேண்டாமா என்று அவரே பேசி என் இரண்டு நிமிஷத்தையும் தின்றுவிட்டார். நான் எதையும் எழுதி வைத்துக்கொள்ளப் போவதில்லை. வேன் டிரைவர் உன் தம்பியோடு சேர்த்து எல்லோரையும் கூட்டி வருகிறேன் என்றிருக்கிறார். தையல்காரர் வருகிறார், டீச்சர் அட்டையை வெளியே எடுத்துவிட்டாள். உங்கள் பெண் சொன்னதை நம்பினது போதும் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அதுவே எனக்குப் பெரிய தண்டனை.

நீ அந்தக் குழுவுக்குப் பின்னால் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருப்பாய். எங்களைப் பார்த்து எழுந்து வராதே, கையசைக்காதே. உன் வேலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அம்மாவுக்காக ஏதோ செய்தாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக்கூடாது. மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொள்வது போல நான் பேசுவதையும் எழுதிக்கொள், கூட்டாமல் குறைக்காமல். நானும் உன்னை யாரோ என்றுதான் பார்ப்பேன், அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

கோபத்தில் எழுதினேன் என்று சாப்பிடாமல் இருந்துவிடாதே, நீ அப்படிச் செய்கிறவள்தான். உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் நீ நீடூழி நன்றாயிரு, எங்கே உட்கார்ந்தாலும் நல்ல பேரோடு உட்காரு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் தம்பிக்கு இந்த யாரோ எவரோ கணக்கெல்லாம் தெரியாது. உன்னைப் பார்த்த நிமிஷமே கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி அக்கா என்று கூப்பிடுவான். அப்போது மட்டும் தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்க்காதே.

உன் மேல் கோபமாகவும் பிரியமாகவும்,
அம்மா