முன்னாள் அணிப் பக்கம்

டூங்கபி, சிட்னி
2 மார்ச் 2025

என் ராகவிக்குட்டிக்கு,

அப்பம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீயே எழுது. உன் அம்மா சொல்லும் சுகத்தை நான் நம்புவதில்லை.

உன் பெரியப்பாவின் மகள் சஜிதா பல் டொக்டராகிவிட்டாள். அவளுடைய தம்பி அனோஜனுக்கு ரயில் பகுதியில் எஞ்சினியர் வேலை நிரந்தரமாகிவிட்டது. நீ மெல்பேர்ணில் படித்துக்கொண்டே, மாணவர்கள் விண்வெளிக்கு அனுப்புகிற செய்மதித் திட்டத்தின் இணையத்தளத்தைப் புதிதாக்கும் வேலைக்குத் தலைவியாகிவிட்டாய். உன் அண்ணா கபிலன் அதே திட்டத்தில் செய்மதிக்குப் பற்றரி செய்கிறான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள் இவ்வளவும்! கோயிலில் இதைச் சொல்லத் தொடங்கினால், "சத்தியபாமாக்கா துவங்கீட்டா" என்று பெண்கள் வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடுகிறார்கள்.

எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த தங்கராசாவுக்கு ஐபாட்டில் உங்கள் தளத்தைத் திறந்து கபிலனைக் காட்டினேன். வெள்ளைக் கோட்டும் தலைமூடியும் போட்டு, பால் பெட்டி அளவுச் செய்மதியைக் குழந்தைபோலப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். "அக்கா, பொடியனுக்கு உங்கட மூக்கு" என்றார்.

தளத்தில் எதை வேண்டுமானாலும் மாற்று. அந்தப் படத்தை மட்டும் அசைக்காதே.

உன் அப்பம்மா
சத்தியபாமா


மெல்பேர்ண்
9 மார்ச் 2025

அன்பான அப்பம்மா,

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் சிரிக்காதீங்கோ. ஃபோனில் இதைச் சொன்னால் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

அண்ணா பற்றரி செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா கார் விபத்தில் இறந்து, வருகிற மே மாதம் இரண்டு வருடம் அப்பம்மா. நீங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கும் வரவில்லை. வீட்டில் அவருடைய படத்துக்கு மாலை போடவும் விடவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை.

தளத்தில் இருநூறுக்கு மேல் பக்கங்கள் இருக்கின்றன. எது யாருக்கு வேண்டும் என்று சுவரில் மஞ்சள் தாள் ஒட்டிப் பிரித்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வழி, உதவி தருகிற கொம்பனிகளுக்கு ஒரு வழி. யாரும் வராத பக்கங்களை எடுத்துவிடுவது என்று முடிவு. எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று என்னோடு வேலை செய்யும் அக்ஷரா காட்டினாள். அண்ணாவின் படம் இருக்கிற 2022ஆம் ஆண்டு அணியின் பக்கத்துக்கு ஒருவரும் வருவதில்லை. சிட்னியிலிருந்து ஒரே ஒரு ஆள் மட்டும் தினமும் காலை ஐந்தே காலுக்குத் திறக்கிறார். "ஆள் இல்லை, ஏதோ ரோபோ" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்த ஆளைத் தெரியும்.

அந்தப் பக்கம் போகிறது அப்பம்மா. இப்போது வேலை செய்கிறவர்கள் 'எங்கள் அணி'யில் இருப்பார்கள். மற்றவர்கள் 'முன்னாள் அணி'க்குப் போவார்கள். அண்ணாவின் படம் அங்கே இருக்கும்.

ராகவி


டூங்கபி
16 மார்ச் 2025

ராகவி,

முன்னாள் என்றால் என்ன? அவன் படிப்பை விட்டானா, உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டு போனானா?

நேற்றுத் தங்கராசா தன் பேத்தி பிரவீணாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பாம், செய்மதி படிக்க ஆசையாம். "அக்கா, கபிலன் தம்பியின்ர நம்பரைத் தாங்கோ, பிள்ளை ஒருக்காக் கதைக்கட்டும்" என்றார். நம்பர் எழுதிய கொப்பியைக் காணவில்லை, தேடித் தருகிறேன் என்றேன். குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஓம், நான் அவருக்குச் சொல்லவில்லை. இந்தத் தெருவில் ஒருவருக்காவது என் பேரன் மெல்பேர்ணில் இருக்கட்டும் என்று விட்டேன். அதற்கு அந்தப் பக்கம் வேண்டும். நாளைக்கு அவர் தேடிப் பார்த்து, அவன் அணியில் இல்லையென்றால் நான் என்ன சொல்ல?

இருநூறு பக்கத்தில் ஒன்றை விட்டுவைக்க ஏலாதென்றால் நீ என்ன தலைவி?

சத்தியபாமா


மெல்பேர்ண்
13 ஏப்ரல் 2025

அன்பான அப்பம்மா,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

புதுத் தளத்தின் சில பக்கங்களை அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். முன்னாள் அணியில் ஒவ்வொருவருக்கும் படம், பெயர், செய்த வேலை. கடைசியில் 'இப்போது' என்று நிரப்ப வேண்டிய ஒரு கோடு. அந்த ஆள் இப்போது எங்கே, என்ன செய்கிறார் என்று அதில் வர வேண்டும். புதிதாகச் சேர நினைக்கும் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று அந்தக் கோடு வேண்டும் என்று கேட்டது நான்தான். அதை நிரப்பாமல் ஒருவரின் பக்கத்தையும் வெளியிட முடியாது என்ற விதியும் நான் போட்டதுதான். எல்லோரும் கை தட்டினார்கள்.

லதீஸ் அண்ணா அடிலெய்டில். கௌசிகா அக்கா ஜெர்மனியில். வரிசையாக நிரப்பிக்கொண்டே போனேன். பிறகு அண்ணா வந்தார்.

விதியைப் போடும்போது எனக்கு அண்ணாவின் நினைவே வரவில்லை அப்பம்மா. அந்தப் பின்னேரம் முழுக்க வரவில்லை. அவர் வேலை செய்த மேசையில் இருந்துகொண்டுதான் அதைச் செய்தேன். எனக்கு என்னைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

விதியை அழித்துவிடலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் எழுதாமல் விட்டால், அண்ணாவுக்கு வேலை கிடைக்கவில்லை என்று நினைப்பார்கள். எழுதவும் என்னால் ஏலாது. தளம் மே முதலாம் திகதி திறக்கிறது. என்ன செய்ய என்று நீங்கள் சொல்லுங்கோ.

ராகவி


டூங்கபி
22 ஏப்ரல் 2025

என் குஞ்சு,

தாள்கள் வந்தன. நாலு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

ஒரு பின்னேரம் மறந்துவிட்டேன் என்று பயப்படுகிறாய். நான் இரண்டு வருடமாக உன் அப்பாவைக் கபிலனின் பெயரைச் சொல்லி அழ விடவில்லை. இப்போது சொல், ஆர் பெரிய பிழைகாரி?

நேற்றுத் தங்கராசா வீட்டுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே, "தம்பி, நம்பர் இல்லை. ஆளும் இல்லை" என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஓடிப்போய் ஒரு கதிரையை எடுத்து வந்து வாசலிலேயே போட்டார். "என்னக்கா, முதல்லையே சொல்லியிருந்தா நான் உங்களைக் கேட்டு வதைச்சிருக்க மாட்டனே" என்றார். அந்தக் கதிரையில் இருந்துதான் நான் முதன்முதலாக அழுதேன். உன் அப்பா வேலையால் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்த பிறகு அவன் அழுதான்.

அந்தக் கோட்டில் நான் சொல்வதை எழுது. ஆங்கிலத்துக்கு நீ மாற்று. 'கபிலன் இந்திரகுமார் 2023ஆம் ஆண்டு மே மாதம் ஆறாம் திகதி காலமானார்.' அமரர், அது இது என்று அலங்காரம் வேண்டாம். பற்றரி செய்தவன் என்று மேலே போட்டிருக்கிறாய், அது போதும். உனக்குக் கை வராவிட்டால் அந்த அக்ஷராப் பிள்ளையை எழுதச் சொல். நீ பக்கத்தில் இரு.

மற்றத் தாளையும் பார்த்தேன், 'எங்கள் அணி'. எல்லோருக்கும் முகம் இருக்கிறது. ராகவி என்ற பெயருக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு தலை. கண் இல்லை, மூக்கு இல்லை. உன் அம்மாவைக் கேட்டேன். "அண்ணா போனாப் பிறகு அவள் ஒரு படமும் எடுக்கிறேல்லை மாமி" என்றாள். இரண்டு வருடம், எனக்குத் தெரியாது. நான் திறந்தது ஒரே ஒரு பக்கம்தானே.

ஒரு புதுப் படம் எடுத்து அந்த இடத்தில் போடு, பிள்ளை. சிரிக்க வேண்டாம். முகம் தெரிந்தால் போதும்.

உன் அப்பம்மா
சத்தியபாமா