அண்ணனுக்கு வைத்த பூ

புத்தூர்,
02.06.2025

மகன் ஜெயதீபனுக்கு,

உயிரோடு இருக்கும் உன் அண்ணனை நீ செத்தவனாக்கிவிட்டாய். சுகம் விசாரிப்பது பிறகு. தொலைபேசியில் கதைத்தால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பாரிஸ் வெற்றி வளைவின் கீழே பூ வைத்துக் கும்பிடும் படத்தை முகநூலில் போட்டு, "என் அண்ணன் சுபாஸ்கரனுக்கு" என்று எழுதினாயாம். கொடிகாமத்துச் சித்தி சின்னத்தங்கம் அதைப் பார்த்துவிட்டு, எங்கேயோ உடல் கிடைத்துவிட்டதென்று நினைத்தாள். அவள் மகன் கேதீஸ்வரன் 'கண்ணீர் அஞ்சலி' பதாகை அடித்து எங்கள் ஒழுங்கை முகப்பில் கட்டிவிட்டான். கோவிலால் வந்த உன் அம்மா அதில்தான் தன் பிள்ளையின் முகத்தைக் கண்டாள். படலையில் பெண்கள் அழத் தொடங்கியிருந்தார்கள். "ஆரின்ரை செத்த வீடு?" என்று கேட்டாள்.

பதினாறு வருடத்துக்கு முன், போர் முடிந்தபோது, வட்டுவாகலில் அவனைக் கையில் பிடித்துக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்தவள் அவள். "விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினம், போ அப்பு" என்று சொன்னதும் அவள். அவன் செத்தவன் என்றால் அவள் யார்? அதற்குப் பதில் எழுது.

தில்லைநாதன்


பாரிஸ்,
15.06.2025

அன்புள்ள ஐயாவுக்கு,

படத்தை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பதினொரு வருடமாக இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிறேன். லண்டனிலிருந்து வந்த நண்பன் றமேஸுக்குச் சுற்றிக் காட்டத்தான் அன்று முதன்முதலாக அங்கே போனேன். எல்லாரையும்போல நின்று படம் எடுத்தோம். வளைவின் கீழே ஒரு கல்லறை, அதன்மேல் நெருப்பு. போரில் செத்த ஒருவன். பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. "வாடா, மேலை ஏறுவம், ரிக்கெற் எடுத்தாச்சு" என்றான் றமேஸ். அவனை நிற்கச் சொல்லிவிட்டு, போய்ப் பூ வாங்கிவந்து வைத்தேன்.

அண்ணைக்காக அழ எனக்கு ஓர் இடம் இருக்கவில்லை ஐயா. ஊரில் இருந்தபோது வீட்டில் அழுதால் நீங்கள் ஏசுவீர்கள். அங்கே ஒருவரும் ஏசவில்லை. அண்ணை இனி வரமாட்டார். உங்களுக்கும் அது தெரியும். படம் போட்டது பிழை. பூ வைத்தது பிழையில்லை.

தீபன்


புத்தூர்,
03.07.2025

மகனுக்கு,

உன் தங்கை வித்தியா எனக்குக் கடிதத்தை வாசித்தபோது, அம்மா குசினிக்குள் நின்று கேட்டுவிட்டாள். "பேர் தெரியாத அந்தப் பிள்ளையின்ரை தாய் ஒருக்கா எண்டாலும் அங்கை வந்தவளோ?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து சாப்பாடு பெயருக்குத்தான்.

எனக்கு என்ன தெரியும் என்பதை நீ எழுதத் தேவையில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு இந்த வீட்டில் இருக்க முடியாது.

இனி நடக்கவேண்டியவை இவை. சின்னத்தங்கம் நேரில் வந்து, தான் நினைத்தது பிழையென்று உன் அம்மாவிடம் சொல்லவேண்டும். அண்ணனின் மரணச் சான்றிதழுக்கான படிவத்தை யார் கொண்டுவந்தாலும் வித்தியா கையில் வாங்கக்கூடாது. நீ அம்மாவோடு கதைக்கும்போது, அண்ணை எப்போது வருவார் என்று கேட்கவேண்டும். அது உன்னால் முடியாதென்றால் கதைக்கவேண்டாம். அம்மா போனால் முறைப்படி இளையவன் நீ வந்து கொள்ளி வைக்கவேண்டும். எனக்கு மூத்தவன் வைப்பான். அவன் வந்துசேரப் பிந்தினால் கேதீஸ்வரன் வைக்கட்டும். மூத்தவனின் இடத்தில் நின்று நீ வைக்கக்கூடாது.

தில்லைநாதன்