டாக்டர் பார்க்கச் சாப்பிடுவது

மார்ச் 4
எங்கள் டாக்டருக்குக் குண்டானவர்கள் எல்லோரும் சோற்றுத் திருடர்கள். அதனால்தான் சோதனைச் சாப்பாட்டின்போது கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறார்.

சோதனைக்கு வருபவர்களுக்குக் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனை ஒரு நாள் டிரிப்ஸில் ஏற்றுகிறோம். இன்னொரு நாள் வெறும் உப்புத்தண்ணீர். எது எந்த நாள் என்று எங்களுக்கும் தெரியாது. பிறகு ஒரு பெரிய கிண்ணம் நூடுல்ஸ், வேண்டிய மட்டும். மிச்சத்தை எடை போடுவது என் வேலை. ஹார்மோன் பசியைக் குறைக்கிறதா என்பதை என் தராசுதான் சொல்ல வேண்டும்.

மார்ச் 6
தினமும் முக்கால் கிண்ணம் திரும்பி வருகிறது. டாக்டருக்கு வாயெல்லாம் பல். பாதி நாள் உப்புத்தண்ணீர்தானே ஐயா!

மார்ச் 11
பள்ளி வேன் ஓட்டும் அக்காவை வாசல் கடையில் பார்த்தேன். சோதனை முடிந்து பத்து நிமிடம் ஆகவில்லை, கையில் இரண்டாவது பன்.

"என்ன தம்பி அப்படிப் பாக்குற? அந்த மனுஷன் ஒவ்வொரு வாயா எண்ணிக்கிட்டு நின்னா தொண்டையில இறங்குமா? மருந்தே வேணாம், அவர் மூஞ்சி போதும்."

சிரித்துவிட்டேன். அக்காவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டன. இருபது கிலோ குறைத்தால்தான் ஆபரேஷனாம். இந்தச் சோதனையை முடித்தவர்களுக்கு மட்டும் அடுத்து ஆறு மாதம் மருந்து கிடைக்கும். அதற்காகத்தான் வருகிறார்.

மார்ச் 12
பன் விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன் — இனியாவது வெளியே நிற்பார் என்று நம்பி. அடச்சே, எங்கே போச்சு என் புத்தி?

"பாத்தியா? இவங்களை நம்பவே கூடாது" என்றார். அக்காவின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. இனி அவர் சோதனையில் இல்லை.

மார்ச் 14
அக்கா ஃபோன் செய்தார். "விதியை மீறிட்டேனாம். சோதனை முடிஞ்ச பிறகு சாப்பிடக் கூடாதுன்னு யாருப்பா சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. விதித்தாளில் அப்படி ஒரு வரியே கிடையாது.

"யாரு தம்பி போட்டுக் குடுத்தது?"

நான்தான் என்றேன். வைத்துவிட்டார்.

மார்ச் 17
டாக்டர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அன்று சோதனைக்கு வந்த தையல்காரரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். கிண்ணத்தை வழித்து வைத்திருந்தார்.

ஒரு கிண்ணத்தை வைத்து எதையும் சொல்ல முடியாதுதான். முந்தைய கிண்ணங்களை வைத்து மட்டும் சொல்லலாமா?

மார்ச் 18
டாக்டர் மறுபடி அறைக்குள். இன்று வந்தவர் ஸ்பூனைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த அக்காவைத் திரும்பச் சேருங்க. இதுவரைக்கும் எழுதினதையெல்லாம் தூக்கிப் போடுங்க. இப்ப வெளிய போங்க." என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாடு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டார்.