டிசம்பரில் தவக்காலம்

18-12-83, ஞாயிறு

பிளாஸ்திரி போட்டும் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கிறது. அடித்தது அப்பா.

காபிதான் அவர் மூளையைக் கெடுக்கிறது என்று தில்லை நகர் டாக்டர் சொன்னதிலிருந்து, காபி கேட்கும்போதெல்லாம் "இது தவக்காலம்ப்பா" என்பேன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் காபியைத் தொடாத மனுஷர். உடனே சிலுவை போட்டுக்கொண்டு அடங்கிவிடுவார். மறுநாள் அதுவும் மறந்திருக்கும், மறுபடியும் சொல்வேன்.

இன்று சாயங்காலம் எதிர்வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டி லைட் போட்டார்கள். அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தவர் திரும்பினார்.

"பொய்யாடி சொல்றே? எனக்குத்தான் மறதி, இந்தப் பாலக்கரை முழுக்கவுமா மறதி?"

பித்தளை ஃபில்டர் நேராக என் நெற்றிக்கு வந்தது. கீழே விழுந்தவளை முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். இந்த வயசில் அத்தனை பலம்!

நாசமாய்ப் போக அந்த டாக்டர். ரத்தத்தைத் துடைத்துவிட்டு, கெட்டியாகக் காபி போட்டு எடுத்துப் போனேன்.

அப்பா என் நெற்றியையே பார்த்தார். "யாரும்மா அடிச்சா? சொல்லு, அவன் கையை முறிக்கிறேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு டம்ளரைத் தள்ளினார்.

"தவக்காலத்துல காபியா? எடுத்துட்டுப் போ."