வெயில் ஆகாத வருத்தம்

பிள்ளையின் அப்பாவுக்கு,

கொழும்பில் இரண்டாவது டொக்டரிடம் காட்டியாயிற்று. ஓமந்தையில் தன் வீட்டில் என்னை வைத்திருக்கிற அக்காதான் கூட்டிப்போனா. டொக்டர் ஒரு பெண். மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் இருந்த வெள்ளைப் புள்ளிகளை ஸ்கான் படத்தில் எனக்கே தொட்டுக் காட்டினா. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயராம். நரம்பின் உறையை உடம்பே அரிக்கிற வருத்தம்.

முதல் டொக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நீங்கள் விடவில்லை. "இவ சண்டைக்குள்ள ஷெல்லடியில அகப்பட்டவ டொக்டர், அந்தப் பயம்தான்" என்றீர்கள். அவரும் தலையாட்டிவிட்டு நித்திரைக் குளிசை எழுதினார். வன்னியில் இருக்கிறவர்களுக்கு வேறு வருத்தம் வரக்கூடாது போலும்.

பயம் தெளிய என்னை வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடத்திக் கூட்டி வருவதாக நேர்த்தி வைத்ததும் நீங்கள்தான். வைகாசி வெயிலில், தார் ரோட்டில், கண் மங்கிக் கால் மடங்கி விழுந்தேன். "எழும்பு, நடிக்காதை" என்றீர்கள், அவ்வளவு சனத்துக்கும் முன்னால்.

"தங்கச்சி, இந்த வருத்தத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினா கண்ணும் காலும் இன்னும் மோசமாகும்" என்று இந்த டொக்டர் சொன்னா. பிறகு, "ஏன் முதலே வரேல்லை?" என்று கேட்டா. அக்காதான் அழுதா.

போன முறை நேர்த்தி முடியவில்லை, இந்த வைகாசிக்கு வீட்டுக்கு வா என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். அம்மனில் எனக்குக் கோபமில்லை. மிச்சத்தை நீங்களே நடந்து முடியுங்கோ. வழியில் விழுந்தாலும் யோசிக்க வேண்டாம். நடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.

பிள்ளையின் அம்மா