பக்கத்து சீட்டு

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கண்ணில் கட்டு இருப்பதால் இதை நர்ஸம்மாதான் வாசித்துக் காட்டுவார். அதனால் கொஞ்சலெல்லாம் நேரில் வைத்துக்கொள்வோம். இந்தச் செய்தியைப் போனில் சொன்னால் கத்துவீர்கள். நர்ஸம்மாவிடம் கத்த முடியாதல்லவா?

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

நீங்கள் கற்றுக்கொடுத்த லட்சணம் நினைவிருக்கிறதா? "பிரேக்கு, பிரேக்கு! கண்ணைத் தொறந்துதான் ஓட்டுறியா?" என்று நீங்கள் போட்ட கூச்சலில் எதிரே வந்த பால் வண்டிக்காரர் பயந்து ஓரங்கட்டினார். நான் சாவியை உங்கள் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீடு வந்தேன்.

இந்த டிரைவிங் ஸ்கூல் அம்மா கத்துவதே இல்லை. வண்டியைக் கிளப்பும் முன் நிதானமாக மூச்சுவிடச் சொல்கிறார். "அவசரம் ஒண்ணுமில்ல. கண்ல படுறத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டுங்க, போதும்" என்கிறார்.

நானும் சொல்கிறேன். "சைக்கிள் ஒண்ணு திரும்புது. ஸ்கூல் விட்டாச்சு. நாய் ஒண்ணு குறுக்க வரலாமான்னு யோசிக்குது." சொல்லச் சொல்ல பயம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருஷம் உங்களோடு போய்வந்த தெருவில், பேக்கரி மாடியில் ரோஜாச்செடிகள் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

கட்டு அவிழ்த்த பிறகு உங்களுக்குக் கண் எவ்வளவு தெரியும் என்று டாக்டர் என்னிடமும் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் காரை விற்கச் சொல்லி உங்கள் தம்பியிடம் பேசினீர்களாமே, அந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

வெள்ளிக்கிழமை அழைத்துப்போக நானே வருகிறேன். பக்கத்து சீட்டில் சாய்ந்து உட்காருங்கள். வீடு வரைக்கும் கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவேன், அந்த ரோஜாச்செடிகள் உட்பட. 'பிரேக்கு' என்று மட்டும் கத்தாதீர்கள்.

உங்கள் டிரைவர்